தானாக நகர்ந்த அம்பு

ஊசி அண்ணன் மத்தியான நேரத்தில் யாருடனோ பேசுகிறார் என்று தெருவில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் அடுப்படி ஜன்னலும் அவருடைய பட்டறை ஜன்னலும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம். கட்டினவன் அப்படிக் கட்டிவிட்டான். நான் என்ன செய்வேன், காதைக் கழற்றி வைத்துவிட்டா சமைக்க முடியும்?

சாப்பாட்டு வேளையில் எம்பிராய்டரி மெஷின் நிற்கும். அந்தச் சத்தம் நின்றால் தெருவே காது அடைத்த மாதிரி ஆகிவிடும். அப்போதுதான் அவர் குரல் கேட்கும்.

"இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டியே."

கொஞ்ச நேரம் ஒன்றும் இராது. பிறகு, "அதை ஏன் திறக்கற, அதுல பழைய கணக்குதான் இருக்கு. பக்கத்துல பாரு," என்பார். அதட்டல் இல்லாத, குழைவான குரல். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், நரைத்த தலை. எனக்குக் கை ஓடவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போன்ல பேசுவார், விடு," என்றார்.

"போன் துணிக்கட்டு மேல கிடக்கு. நான் பார்த்தேன்."

"பார்த்துட்டியா? அப்ப இன்னிக்கும் பருப்பு அடிப்பிடிச்சிருக்கும்."

பிடித்துத்தான் இருந்தது.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பள்ளிக்கூடச் சட்டைக்கு முத்திரை, ஆஸ்பத்திரி அங்கிக்குப் பெயர், விடுதித் துண்டுக்கு எழுத்து என்று எல்லாவற்றையும் நூலில் போட்டுத் தருகிற தொழில். துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, அடியில் தாள் வைத்து மெஷினில் மாட்டினால், ஊசிகள் வரிசையாக இறங்கி ஏறும். நூல் அறுந்தால் மெஷின் நின்று கீச்சென்று கூப்பிடும். அண்ணன் எழுந்து போய், நாக்கில் நூல் முனையை நனைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோப்பார். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு ஊசி குத்தியிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அதே காலரோடு கல்யாண வீடுகளுக்கும் வந்து, கட்டித் தழுவினவர்களை அலற வைத்திருக்கிறார்.

மெஷின் அண்ணனுடையது என்றால் கம்ப்யூட்டர் அண்ணியுடையது. எந்த ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த நிறம் எப்போது வர வேண்டும் என்று திரையில் வரைந்து கொடுப்பது அண்ணிதான். இடது கைக்காரி. மவுஸை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி ஒரு இலை டிசைனைத் திறப்பார், மூடுவார், இன்னொன்றைத் திறப்பார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, தைத்து வந்த முத்திரைகளின் பிசிறு நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பேன். கூலிக்குத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் பேச்சுக்குப் போனேன். தெருவின் சங்கதி எல்லாம் அந்த அறையில்தான் பிசிறு வெட்டப்பட்டது. அண்ணி சிரித்தால் திரையில் கோடு கோணும். "உன்னால ஒரு ரோஜாவுக்கு மூக்கு வந்துடுச்சுடி," என்பார். அழிக்காமல் அந்த மூக்கோடேயே ஒரு துண்டு தைத்துக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அண்ணி படுத்தது மழைக்காலத்தில், போனது வெயில் வருவதற்குள். அதன் பிறகு அண்ணன் பழைய டிசைன்களையே தைத்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பிசிறு வெட்டினேன். பேச்சு இல்லாமல் வெட்டினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்படி இருக்கையில்தான் வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அறைக்காரர் வந்தார். வீட்டைப் பிரித்து விற்கப் போவதாகவும், முன்னறைக்கு ஒரு போன் உறைக் கடைக்காரர் நல்ல விலை சொல்வதாகவும், ஆனாலும் பழகின பாவத்துக்கு அண்ணனுக்கே முதல் உரிமை என்றும் சொன்னார். அண்ணனும் அண்ணியும் அதற்காகவே ஆண்டுக்கணக்கில் வங்கியில் சேர்த்து வைத்திருந்தார்கள். "மாசக் கடைசிக்குள்ள கட்டிடறேன்," என்றார் அண்ணன். கட்டவில்லை என்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில்தான் நிற்க வேண்டும். பட்டறைக்கு ஏற்ற அகலக் கதவுள்ள அறை அந்தப் பக்கத்தில் வேறு கிடையாது.

பணம் அனுப்ப உட்கார்ந்த காலையில் நல்ல மழை. நான் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனவள், ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்துத் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கணக்கில் வழித்துத் துடைத்த சட்டி மாதிரி அடிமட்டம்தான் மிச்சம்.

"நான் அனுப்பலை. நான் யாருக்கும் அனுப்பலை," என்று மெஷினிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணனின் மகளுக்கு நான்தான் போன் செய்தேன். அவள் வெளியூரில், வேறொரு வங்கியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அழுவாள் என்று நினைத்தேன். "அத்தை, சுவத்துல நெட் ஒயர் இருக்கும், அதை முதல்ல பிடுங்குங்க. கம்ப்யூட்டர்ல வேற எதையும் தொட வேண்டாம். அப்பா போனை அப்பாகிட்ட குடுங்க, வங்கிக்கு நான் சொல்லித் தர்ற மாதிரி பேசட்டும்," என்றாள். பிடுங்கினேன். தவறான ஒயரையும் சேர்த்துப் பிடுங்கி, மெஷினும் நின்றது.

வங்கியில் கணக்கை முடக்கினார்கள். போலீஸிலும் புகார் பதிந்தார்கள். பணம் யார் கணக்குக்குப் போயிருக்கிறதோ அதை நிறுத்தி வைக்கப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அவளே வந்து இறங்கினாள். குடையை மடக்கக்கூட இல்லை.

"நாள் முழுக்க ஊரான் வீட்டு அப்பாவுக்கெல்லாம் புத்தி சொல்றேன். என் அப்பாவுக்குச் சொல்லாம விட்டுட்டேன்," என்றாள். அவருடைய வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் தன் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றினாள். மற்ற இடங்களில் திறந்திருந்த கணக்குகளை எல்லாம் ஒரே தட்டில் மூடினாள்.

"ஏன்டி, பெரிய திரை இங்க இருக்கே, இதுல மாத்தினா என்ன?" என்றேன்.

"திருடன் வீட்டுக்குள்ள இருக்கறப்பவே அவன் கண்ணு முன்னாடி புதுப் பூட்டுப் போடச் சொல்றீங்க."

நான் டீ போட்டு வந்தேன். அவித்த முட்டையும் ரொட்டியும் வைத்தேன். அண்ணன் தொடவில்லை. மகள் தான் கொண்டு வந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்த வைரஸ் தேடுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குள் துழாவ விட்டாள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவள் விசாரணையைத் தொடங்கினாள்.

"அப்பா, இதுல புதுசா ஏதாவது இறக்குனீங்களா?"

"நான் எதுக்கு இறக்கறேன்?"

"யாராவது போன் பண்ணி நம்பர் கேட்டாங்களா?"

"கேட்டா குடுக்க நான் என்ன மடையனா?"

"வைரஸ் தடுக்கற புரோகிராம் அணைஞ்சு கிடக்கு. அது தானா அணையாது."

அண்ணன் காலரிலிருந்த ஊசியை எடுத்து மறுபடி குத்திக்கொண்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"மத்தியானம் யார்கூடவோ பேசுவீங்களேண்ணே, அவங்களைக் கேட்டா தெரியுமோ என்னவோ," என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். மழை ஓட்டிலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. நானே ஏதாவது பேசிச் சமாளிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்தார். என்னையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துப் பேசினார்.

"உங்கம்மா கடைசியா ஒண்ணு வரைஞ்சுட்டிருந்தா. காட்டுன்னு கேட்டா, முடியட்டும்னுவா. முடியலை. அவ போனப்புறம் ஒருநாள் திறந்து பாக்கலாம்னு பார்த்தா, வரையற புரோகிராம் திறக்கலை. காலம் முடிஞ்சுடுச்சு, புதுசுக்குப் பணம் கட்டுன்னு எழுத்து வந்துச்சு. விலையைப் பார்த்தேன். அறைக்கு வச்ச பணத்துல பாதி கேக்கறான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா, அதை ஏன் இப்பப் பாக்கணும்னு கேப்ப. எனக்குப் பதில் தெரியாது." டீயைத் தள்ளி வைத்தார். "ஒரு வீடியோவுல அதே புரோகிராம் சும்மா கிடைக்கும்னு ஒருத்தன் சொன்னான். தடுப்பை அணைச்சுட்டு ஏத்துங்க, இல்லேன்னா தப்பா வைரஸ்னு சொல்லும்னான். அப்படியே செஞ்சேன். திறந்துச்சு. பார்த்தேன்."

"அது வழியாத்தான் வந்திருக்கு."

"அது இப்பத் தெரியுது. அப்ப..." வாளி நிறைந்துவிட்டது. நான் எழுந்து ஊற்றிவிட்டு வந்தேன், ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று ஓட்டமாக. "அப்ப என்ன நடந்துச்சுன்னா, சாப்பிட்டு வந்து இப்படி உக்காந்திருப்பேன். கை மவுஸ்ல இருக்காது. அம்பு தானா நகரும். மெதுவா போகும், ஒரு ஃபோல்டரைத் திறக்கும், மூடும், அடுத்ததைத் திறக்கும். அவ தேடறாப்பலயே இருக்கும். ஒருநாள் அவ டிசைன் வச்சிருக்கறதையே திறந்துச்சு. அதுலயே ரொம்ப நேரம் நின்னுச்சு."

அண்ணன் காலர் ஊசியை விரலால் தடவிக்கொண்டார்.

"எனக்குப் புத்தி கெட்டுப் போகலை. செத்தவங்க வந்து மவுஸ் பிடிக்க மாட்டாங்கன்னு தெரியும். ஆனா தெரிஞ்சுக்கறதுக்கு அவசரம் என்னன்னு இருந்துட்டேன். கை வச்சா நின்னுடுமோன்னு கையை மடியில வச்சுக்குவேன். நாலு வார்த்தை பேசுவேன். அவ்வளவுதான்."

எந்தக் கதையையும் அன்றைக்கே நாலு வீட்டில் சொல்லிவிடுகிற எனக்கு, அந்தக் கதையை ரொம்ப நாள் யாரிடமும் சொல்ல வரவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சல் என்றே நினைத்தார்.

மகள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, அது எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்திருக்கறவன். அந்தச் சும்மா கிடைச்ச புரோகிராமுக்குள்ள ஒரு பின்கதவை வச்சு அனுப்பியிருக்கான். நீங்க ஏத்தினதும் அது உள்ள இருந்து தாழ்ப்பாளைத் திறந்து விட்டுடும். அப்புறம் அவனுக்கு நம்ம திரை தெரியும், நம்ம அம்பை அவன் நகர்த்தலாம். நீங்க தட்டற ஒவ்வொரு எழுத்தையும் அது எழுதி வச்சு அவனுக்கு அனுப்பும். வங்கி பாஸ்வேர்டு அப்படித்தான் போச்சு."

"ஆனா போனுக்கு ஒரு நம்பர் வருமே, அது இல்லாம பணம் போகாதே," என்றேன் நான், விவரம் தெரிந்தவள்போல.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "போன்ல எழுத்து சின்னதா இருக்குன்னு அப்பா சொன்னார். அதனால போனுக்கு வர்ற மெசேஜ் எல்லாம் இந்தப் பெரிய திரையிலயும் தெரியற மாதிரி நான்தான் பண்ணிக் குடுத்தேன். வந்த நம்பரை அவன் இங்கயே படிச்சிருக்கான்."

நூல் கோத்துக் கோத்துப் பார்வை மங்கின மனிதருக்கு மகள் செய்த உபகாரம். யாரைக் குற்றம் சொல்வது? நானும் தினமும் அந்த ஜன்னல் வழியே அதே திரையைத்தான் பார்த்தேன். எட்டிப் பார்க்கிற தொழிலில் எனக்கு இத்தனை வருட அனுபவம் இருந்தும், பக்கத்தில் இன்னொருவன் நின்று பார்க்கிறான் என்பது தெரியவில்லை.

கம்ப்யூட்டர் துழாவி முடித்தது. பிடித்ததை எல்லாம் அழித்துவிட்டதாகச் சொன்னது.

"அப்ப சரியாயிடுச்சு," என்று அண்ணன் எழுந்தார்.

"இல்லப்பா. பின்கதவு வழியா வந்தவன் தன்னோட ஆளுங்களை வேற எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு நமக்குத் தெரியாது. முழுசா அழிச்சுட்டு, முதல்லேருந்து எல்லாத்தையும் ஏத்தினாத்தான் நான் நம்புவேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"முடியாது," என்றார். அதுவரை இல்லாத குரல். கம்ப்யூட்டருக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார், மாட்டை ஓட்டிப் போக வந்தவனை மறிக்கிறவர் மாதிரி. "பணம் போனா போகட்டும். அறை போனாலும் போகட்டும். இதை அழிக்க விட மாட்டேன்."

"அம்மா வரைஞ்சதை அழிக்கப் போறதில்லப்பா. புரோகிராம் ஒண்ணைக்கூட எடுக்க மாட்டேன், டிசைனை மட்டும் தனியா எடுத்து வச்சுப்பேன். அதையும் ஒருவாட்டி சோதிச்சுட்டுத் திரும்பப் போடுவேன்."

"திறக்கற புரோகிராம் இல்லாம அதை வச்சு என்ன பண்ண? சாவி இல்லாத பெட்டி."

"அசல் புரோகிராமையே வாடகைக்குத் தர்றாங்க, மாசா மாசம் கட்டினா போதும். நான் கட்டறேன்."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒருவாட்டி திறந்து பாத்துக்கறேன்."

"வேண்டாம்ப்பா. அந்தத் திருட்டுப் புரோகிராமை இனிமே திறக்கவே கூடாது. அம்மா வரைஞ்சதுலயே அது ஏதாவது ஒட்டி விட்டுட்டா?"

அந்த ஒரு வார்த்தைதான் அவரை நகர்த்தியது. மகள் டிசைன்களைப் பிரித்து எடுத்தாள். இலை, முத்திரை, எழுத்து என்று பெயர் பெயராக ஓடியது. மெஷினுக்கு எடுத்துப் போகிற பழைய பென் டிரைவையும் கேட்டு வாங்கித் துடைத்தாள். "வீட்டைக் கழுவிட்டுச் செருப்பைக் கழுவாம உள்ள வர்ற மாதிரி ஆயிடும்," என்றாள். கடைசியில், எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. அவள் மவுஸை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அண்ணன் உட்கார்ந்தார். மவுஸ் இன்னும் இடப்பக்கம்தான் இருந்தது. இடது கையால் தடுமாறி அம்பைக் கொண்டு போனார். பொத்தானுக்கு மேலே நிறுத்திக் காத்திருந்தார். எதற்கென்று எனக்குத் தெரியும். நெட் ஒயர் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்பு அசையவே இல்லை. பிறகு அழுத்தினார்.

வங்கி, பணத்தில் பெரும்பகுதியை வழியிலேயே மறித்துவிட்டது. அது திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. மிச்சம் போனது போனதுதான். அறைக்காரர் முதலில் முகத்தைத் தூக்கினார். அவர் பேரன் சட்டை முதல் மாமியார் தலையணை உறை வரை கூலி வாங்காமல் பெயர் தைத்துக் கொடுத்த அறை அது என்பதை நான் அவர் வீட்டம்மாவிடம் சும்மா ஞாபகப்படுத்திவிட்டு வந்தேன். பணம் வரும்வரை பொறுத்துக்கொண்டார், குறைந்ததைத் தவணையில் கட்டச் சொன்னார். வங்கி வேலை எல்லாம் இனி தனியாக ஒரு புதுப் போனில். அதில் மெசேஜும் பெரிய எழுத்தில் வருகிறது. கம்ப்யூட்டரில் தடுப்பு எப்போதும் விழித்திருக்கிறது. சும்மா கிடைக்கும் என்று எவன் சொன்னாலும் அண்ணன் இப்போது என் பேச்சைக் கேட்பது மாதிரியே ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறார்.

வாடகைப் புரோகிராம் வந்த அன்று ஜன்னலைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். "கத்தரியை எடுத்துக்கிட்டு வாம்மா."

திரையில் எங்கள் தெரு இருந்தது. பழைய தெரு. இப்போது இல்லாத தண்ணீர்க் குழாய், வெட்டிவிட்ட மரம், சைக்கிள் கடையின் சாய்ந்த கூரை, எல்லாம் ஊசி ஊசியாக. எங்கள் வீட்டைத் தேடினேன். அடுப்படி ஜன்னல் இருந்தது. அதிலிருந்து கழுத்து நீண்ட ஒரு தலை, பாதித் தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் அடுப்பிலிருந்து கரும்புகை.

"இது யாருண்ணே?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? மத்தியானம் அவகிட்ட அதைத்தான் கேட்டுட்டிருந்தேன், கழுத்து கொஞ்சம் நீளமாயிடுச்சோன்னு."

எனக்குக் கண் கரித்தது. புகைதான்.

எல்லா வீடுகளும் நிறத்தோடு இருந்தன. அண்ணியின் வீடு மட்டும் வெறும் கோடு. அங்கே வருவதற்குள் படுத்துவிட்டார். அண்ணன் நூல் கண்டுகளை மேசையில் பரப்பினார்.

"இதை முடிச்சுத் தைக்கலாம்னு இருக்கேன். வாசக் கதவு அப்ப என்ன நிறம்? எனக்கு நீலம்னு ஞாபகம்."

"நீலம் மகள் பள்ளிக்கூடம் போனப்புறம் அடிச்சது. அதுக்கு முன்னாடி பச்சை. எப்ப இருந்த கதவு வேணும்?"

அவர் யோசித்தார். "அவ முதல்ல வந்து இறங்கின அன்னிக்கு இருந்தது."

"அன்னிக்குக் கதவே இல்லண்ணே. ஆசாரி இழுத்தடிச்சுட்டான். நீங்க ஒரு போர்வையைத் தொங்க விட்டிருந்தீங்க. அண்ணி அதை விலக்கிக்கிட்டுக் குனிஞ்சு உள்ள போனதை நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன்."

"போர்வையா?" ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். பிறகு மெல்ல அவர் தோள் குலுங்கிற்று. சிரிப்புத்தான். "ஆமா. கிழிசல் வேற. அவ முதல் வாரமே அதைத் தைச்சா."

"மஞ்சள்ல சிவப்புக் கட்டம்," என்றேன்.

மவுஸை வலப்பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, மஞ்சள் கண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், சரியான மஞ்சள் வரும்வரை.